ரைமிங் பெல்ற் அறுந்து போகவில்லை, பல்லுத் தாண்டியது

கைதடிச் சந்தி கழிந்து நாவற்குழிப் பாலத்துக்கு வருகிற நேர்த்துண்டில், முன்னால் போன லான்மாஸ்ரர் உழவு யந்திரத்துக்காக நாலாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு இறக்கினேன். கிளச்சை விட்டதும் எஞ்சினுக்குள் தகரத்தில் குண்டூசி கொட்டினது போல ஒரு சத்தம். அரை செக்கன்கூட இருந்திராது. அதோடு எஞ்சின் நின்றுவிட்டது. ஓடிவந்த வேகத்திலேயே காரை ஓரம் கட்டினேன். பின்னேரம் ஆறு மணி, இருட்டிக்கொண்டு வந்தது. கார் ஹொண்டா சிவிக் ஈ.கே.3, எஞ்சின் 1.5 லீற்றர் டி15பி. அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்த வேலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. நாலு தரம் திறப்பைத் திருப்பி ஸ்ராட்டர் அடித்துப் பார்த்தேன்.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று சத்தத்தோடு நின்றால், காரணம் தெரியும் வரைக்கும் ஸ்ராட்டர் அடிக்கவே கூடாது. உள்ளே வால்வு (சிலிண்டரின் காற்று வாசலைத் திறந்து மூடும் தண்டு) வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றும் அதைப் பிஸ்ரனில் இன்னொரு தரம் இடிக்கும். லேசாக வளைந்த வால்வு இன்னும் வளையும், அது ஓடுகிற கைட் குழாய் வெடிக்கும், வால்வின் தலை முறிந்து விழுந்தால் பிஸ்ரனும் போய்விடும். முதல் தரம் அடித்த சத்தத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நல்ல எஞ்சினில் ஸ்ராட்டர் அடிக்கும்போது ஒரு தாளம் கேட்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது சத்தம் கொஞ்சம் இறுகி, பிறகு இளகும். என் கார் அன்று தாளமே இல்லாமல், பாரம் இல்லாத மோட்டர் சுற்றுவது போல வேகமாகச் சுற்றியது. கொம்பிரசன் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

அடுத்த இழப்பு கராஜில் நடந்தது. இழுத்துக்கொண்டு போய் விட்ட முதல் இடத்தில், ஒயில் மூடியைத் திறந்து, ஒரு தரம் ஸ்ராட்டர் அடிக்கச் சொல்லி, உள்ளே கேம் தண்டு சுற்ற, அது தள்ளி வால்வைத் திறக்கிற ரொக்கர்கள் அசைவதைப் பார்த்தார்கள். "கேம் சுத்துது அண்ணை, பெல்ற் நல்லாத்தான் கிடக்கு. இது கரண்ட் பிரச்சினை" என்று முடிவு சொல்லியாகிவிட்டது. இந்த மாடலில் எஞ்சினுக்குக் கரண்ட் விடுகிற மெயின் ரிலே சூட்டில் மக்கர் பண்ணுவது எல்லாருக்கும் தெரிந்த விடயம் என்பதால் முதலில் அதைக் கழற்றி ஈயம் வைத்தார்கள். பிறகு பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ரிபியூட்டர். பழையது ஒன்று வாங்கிப் போட்டோம். பிளக்கில் நெருப்பு வந்தது, பெற்றோலும் வந்தது, இடைக்கிடை சைலன்சருக்குள் "டப்" என்று வெடித்தது, ஆனால் ஸ்ராட் ஆகவில்லை. அந்த இரண்டு நாளும் ஸ்ராட்டர் எத்தனை தரம் அடிபட்டது என்று கணக்கு இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், நிறுத்துங்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

பிஸ்ரன்களோடு சுற்றுகிற கீழ்த் தண்டான கிராங்கையும் மேலேயுள்ள கேமையும் இணைப்பது ரைமிங் பெல்ற். கேம் சுற்றினால் பெல்ற் அறவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். பெல்ற் இருக்க வேண்டிய பல்லில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கிராங் இரண்டு சுற்றுச் சுற்ற கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அதுவும் குறித்த இடத்தில் தொடங்கிச் சுற்ற வேண்டும். பெல்ற் தளர்ந்து இரண்டு மூன்று பல்லுத் தாண்டினால், எல்லாம் சுற்றும், எல்லாம் அசையும், ஆனால் வால்வு திறக்கும் நேரம் பிஸ்ரன் மேலே வரும் நேரத்தோடு மோதும். இந்த எஞ்சினில் டிஸ்ரிபியூட்டரும் கேமின் நுனியில்தான் பூட்டியிருக்கிறது. ஆகவே கேம் பிந்தினால் நெருப்பும் பிந்தும். நெருப்பும் பெற்றோலும் இருந்தும் ஸ்ராட் ஆகாமல் சைலன்சரில் வெடிக்கிற எஞ்சினுக்கு, மின்சாரச் சாமான் ஒன்றைத் தொடுவதற்கு முன் ரைமிங் அடையாளம் பார்க்க வேண்டும். எல்லா எஞ்சினும் இப்படிச் சேதப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். கொறோலா 110இல் வருகிற 5ஏ-எப்இ எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வு பிஸ்ரனைத் தொடாது, புதுப் பெல்ற் போட்டால் ஓடும். டி15பியில் அந்த இடைவெளி இல்லை. உங்கள் எஞ்சின் இதில் எந்தச் சாதி என்பதை இன்றே அறிந்து வைத்திருங்கள்.

அடையாளம் பார்ப்பது அரை மணித்தியால வேலை. இரண்டாவது மெக்கானிக்கோடு நான் செய்த ஒழுங்கு இதுதான். பற்றறி வயரைக் கழற்றி, நாலு பிளக்கையும் கழற்றி, மேல் பெல்ற் மூடியையும் வால்வு மூடியையும் எடுத்துவிட வேண்டும், மூடிகளுக்கெல்லாம் 10 மில்லிமீற்றர் சாவி. இடது முன் சில்லைக் கழற்றினால் கிராங் புல்லியின் போல்ற் எட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான எஞ்சின்கள் வலஞ்சுழியாகச் சுற்ற, இந்த ஹொண்டா எஞ்சின் பெல்ற் பக்கம் நின்று பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும், எங்காவது கடினமாக முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். புல்லியில் தனியே நிற்கும் வெள்ளைக் கோட்டை மூடியிலுள்ள முனைக்கு நேரே கொண்டுவந்தால் முதலாம் சிலிண்டரின் பிஸ்ரன் உச்சியில் நிற்கும். அப்போது கேம் பல்லுச்சக்கரத்திலுள்ள UP என்ற குறி நேரே மேலே நிற்க, இரு பக்கக் கோடுகளும் ஹெட்டின் (வால்வுகள் இருக்கிற எஞ்சினின் மேல்பாகம்) மேல்விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். என்னுடையதில் கோடு மூன்று பல்லுப் பின்னால் நின்றது. இரண்டு நாளும் டிஸ்ரிபியூட்டரும் எதற்குப் போயின என்று அந்த நிமிடத்தில் விளங்கியது. கோபத்தைவிட அழுகைதான் வந்தது.

இந்த இடத்தில் நிறையப் பேர் நேரே கொம்பிரசன் கேஜைப் பூட்டிவிடுவார்கள். பெல்ற் தாண்டியிருக்கும்போது எடுக்கும் கொம்பிரசன் கணக்குக்குப் பெறுமதி இல்லை, ஏனென்றால் வால்வு நல்லதாக இருந்தாலும் பிழையான நேரத்தில் திறந்து காற்றை விட்டுவிடும். முதலில் ரைமிங்கைச் சரியாக்க வேண்டும். அதற்குப் பெல்ற்றைக் கழற்றி, கிராங்கை உச்சியிலிருந்து கால் சுற்று நகர்த்தினால் நாலு பிஸ்ரனும் பாதி உயரத்தில் நிற்கும். அப்போது கேமைத் திருப்பி அடையாளத்துக்குக் கொண்டுவந்தால் எதுவும் எதிலும் முட்டாது. பிறகு கிராங்கை உச்சிக்குக் கொண்டுவந்து பழைய பெல்ற்றையே தற்காலிகமாகப் போடலாம்.

அதன்பிறகு காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது, அதை எந்தக் கராஜிலும் முதலில் கேளுங்கள். அளவு குறித்த மெல்லிய தகடுகள் கொண்ட பீலர் கேஜால் ஒவ்வொரு வால்வுக்கும் ரொக்கருக்கும் இடையே உள்ள இடைவெளியை அளப்பது. குளிர்ந்த எஞ்சினில் காற்று உள்ளே வருகிற இன்லெற் வால்வுக்கு 0.18 முதல் 0.22 மில்லிமீற்றர், புகை வெளியே போகிற எக்சோஸ்ற் வால்வுக்கு 0.23 முதல் 0.27 இருக்க வேண்டும். வளைந்த வால்வு தன் இருக்கையில் முழுதாகப் போய் உட்காராது, கொஞ்சம் திறந்தபடி தொங்கும். அதனால் அதன் தண்டின் நுனி தாழ்ந்து, ரொக்கருக்கும் அதற்கும் இடையே அளவு கூடிவிடும். என் எஞ்சினில் இன்லெற் எட்டும் ஒழுங்காக இருந்தன. எக்சோஸ்ற் எட்டில் ஆறில் 0.6க்கு மேற்பட்ட தகடுகளும் தாராளமாகப் போயின. அது ஏன் எக்சோஸ்ற் பக்கம் மட்டும் என்றால், கியர் இறக்கிக் கிளச்சை விட்டபோது கிராங் திடீரென்று முந்தியது, கேம் பிந்தியது. கேம் பிந்தினால் எக்சோஸ்ற் வால்வு மூடவேண்டிய நேரத்திலும் திறந்திருக்கும், பிஸ்ரன் மேலே வந்து அதை இடிக்கும். கேம் முந்தியிருந்தால் இன்லெற் அடிபட்டிருக்கும்.

கொம்பிரசன் கேஜ் 0, 35, 60, 0 பிஎஸ்ஐ காட்டியது. இந்த எஞ்சினுக்கு ஆகக் குறைந்தது 135 வேண்டும், சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 28ஐத் தாண்டக் கூடாது. கடைசிச் சந்தேகம் பிஸ்ரனைச் சுற்றியுள்ள ரிங். அதைத் தீர்க்க, ஒவ்வொரு சிலிண்டரையும் கொம்பிரசன் உச்சியில் வைத்து, பிளக் துளையால் காற்று அடித்துக் காது கொடுக்க வேண்டும். சைலன்சரில் இரைந்தால் எக்சோஸ்ற் வால்வு, திரொட்டில் பக்கம் இரைந்தால் இன்லெற், ஒயில் மூடியால் வந்தால் ரிங், றேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெற். காற்று பிஸ்ரனைத் தள்ளி எஞ்சினைச் சுற்றப் பார்க்கும், ஆகவே கியர் நியூட்ரலில் இருக்க, ஒருவர் கிராங் போல்ற்றை உறுதியாகப் பிடிக்க வேண்டும், காற்றை 40 பிஎஸ்ஐயில் தொடங்க வேண்டும். நாலிலும் சைலன்சர்தான் இரைந்தது. ஒயில் மூடியால் வந்தது மெல்லிய மூச்சு மட்டும். அதாவது கீழ்ப்பகுதி சுகம். போனில் செருகும் சிறு கமராவைப் பிளக் துளைக்குள் விட்டுப் பார்த்தோம். பிஸ்ரன் தலையில் பிறை வடிவத்தில் சின்னத் தழும்புகள் இருந்தன, ஓட்டையோ வெடிப்போ இல்லை.

இந்தக் கணக்குக் கையில் இருந்ததால்தான் அடுத்த தீர்மானத்தில் ஏமாறாமல் தப்பினேன். வால்வு வளைந்தது என்றதும் பலர் சொன்னது கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் றீகண்டிசன் எஞ்சின் ஒன்று எடுத்துப் போடு என்பது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது, அது நின்றதில் பழைய எஞ்சின்களின் விலை எங்கேயோ போயிருந்தது. அந்த எஞ்சினின் பெல்ற்றும் எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவில் இருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் திருத்த வேண்டும். ரிங்கும் பிஸ்ரனும் நல்லதென்று சோதனை சொல்லும்போது ஹெட்டை மட்டும் செய்வதே நியாயம் என்று உறுதியாகச் சொல்வேன். சோதனை செய்யாமல் எஞ்சின் மாற்றச் சொல்லுபவரிடம் கேஜ் காட்டிய எண்களைக் கேளுங்கள்.

ஹெட் கழற்றுவதற்கு முதல் நாள் இரவே எக்சோஸ்ற் நட்டுகளுக்குத் துரு இளக்கி அடித்து விட்டோம். கடற்காற்றில் நிற்கிற கார், முறிந்தால் துளைத்து எடுப்பது பெரிய வில்லங்கம். ஹெட் போல்ற் பத்தையும் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, வெளியிலிருந்து உள்ளுக்கு, ஒரு முறைக்கு மூன்றிலொரு சுற்றாக இளக்க வேண்டும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு மற்றதுக்குப் போனால் அலுமினிய ஹெட் நெளிந்துவிடும். கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் பூட்டி, ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றினோம். எக்சோஸ்ற் பக்கத்தால் உடனே ஒழுகியது. இன்லெற் பக்கம் பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஈரம்கூட இல்லை.

வளைந்த வால்வைச் சுத்தியலால் தட்டி எடுக்க விடாதீர்கள். தண்டு 5.5 மில்லிமீற்றர் கனம்தான், வளைந்த தண்டு கைட்டுக்கு உள்ளால் இழுபட்டால் கைட்டின் துளை பெருக்கும், பிறகு கைட் மாற்றுகிற செலவும் சேரும். விரலால் வராத இரண்டை, தலைப்பக்கமாக வெட்டி, தண்டை மறுபக்கத்தால் எடுத்தோம். மற்ற ஆறையும் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்தபோது நாலு தள்ளாடியது கண்ணுக்கே தெரிந்தது. ஏழாவதும் எட்டாவதும் நேராகத் தெரிந்தாலும் எட்டையும் மாற்றினேன். அடிபட்ட வால்வின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், அது ஓடும்போது முறிந்தால் இந்த வேலை முழுவதும் வீண். வால்வுகள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தன. முதலில் வந்த செற்றில் தலையின் விட்டம் பழையதோடு பொருந்தவில்லை, வெர்னியரால் அளந்ததால் பிடிபட்டது. திருப்பி அனுப்பி மாற்ற ஐந்து நாள் போனது. பழைய வால்வு ஒன்றை அளந்து, தண்டு, தலை, நீளம் மூன்றையும் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பியிருந்தால் அந்த ஐந்து நாளும் மிஞ்சியிருக்கும்.

லேத் பட்டறையில் வால்வு உட்காருகிற சீற்றை 45 பாகையில் வெட்டினார்கள். ஹெட்டின் மட்டத்தை நேர்கோலும் பீலர் கேஜும் வைத்துப் பார்த்தபோது 0.05க்கு உள்ளே இருந்தது. அப்படியிருக்கச் சீவ வேண்டாம் என்று மறித்தேன். சில இடங்களில் கேட்காமலே சீவுவார்கள், இந்த ஹெட்டிலிருந்து மொத்தமாக 0.2 மில்லிமீற்றருக்கு மேல் எடுக்கக் கூடாது. வால்வுகளை மண் பசை வைத்து, முதலில் கரடு, பிறகு மெல்லிசு என்று சீற்றில் தேய்க்க வேண்டும். சுற்றிவர இடைவெளியில்லாத சாம்பல் வளையம் ஒன்று, ஒன்றேகால் மில்லிமீற்றரிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் அகலத்தில் தெரிந்தால் போதும். எந்த வால்வை எந்தச் சீற்றில் தேய்த்தோமோ அதிலேயே போட வேண்டும், பசையின் ஒரு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. வால்வு சீல்களில் வெள்ளை ஸ்பிரிங் இன்லெற்றுக்கு, கறுப்பு எக்சோஸ்றுக்கு. மாற்றிப் போட்டால் ஒயில் எரியும்.

பெல்ற் ஏன் தாண்டியது என்று தேடாமல் புதுப் பெல்ற் போட்டால் அதுவும் தாண்டும். எங்களுக்கு விடை வோட்டர் பம்பில் கிடைத்தது. இந்த எஞ்சினில் பம்பைச் சுற்றுவது ரைமிங் பெல்ற்றேதான். பம்பைக் கையால் ஆட்டியபோது அச்சு ஆடியது, அடியிலுள்ள சிறு துளையிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு வழிந்து காய்ந்திருந்தது. பெல்ற் ஒரு ஓரத்துக்கு ஓடித் தேய்ந்து, இழுவை குறைந்து, கேம் சீலால் கசிந்த ஒயிலும் சேர்ந்து ஊறியிருந்தது. வருடக்கணக்காக றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி ஊற்றினேன். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், குடிக்க நல்ல தண்ணி என்று நாங்கள் சொல்கிற கிணறும் கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்க வைக்கிறது. அதே படை பம்பின் சீலை அராவும். மாதத்துக்கொரு தரம் தண்ணி குறைவதைப் பார்த்தும் நிரப்பிவிட்டுப் போனேன், அதுதான் பம்ப் கொடுத்த எச்சரிக்கை. இப்போது கூலன்ற்றோடு பற்றறித் தண்ணி மட்டும்தான் கலக்கிறேன். அடுத்தது பெல்ற்றின் வயது. போட்டு 9 வருடம், ஓட்டம் 42,000 கிலோமீற்றர். ஓட்டம் குறைவு, இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். றப்பருக்குக் கிலோமீற்றர் மட்டுமல்ல, வருடமும் வெயிலும் கணக்கு. கோப்பாய்க்கும் நல்லூருக்கும் கடைக்குமாக ஓடுகிற எங்கள் கார்களுக்கு 5 வருடம் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. பெல்ற்றோடு பம்ப், பெல்ற்றை இழுத்துப் பிடிக்கிற ரென்சனர், அதன் ஸ்பிரிங், கேம் சீல், கிராங் முன் சீல் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் மாற்ற வேண்டும், கழற்றிப் பூட்டும் கூலி ஒன்றுதான்.

பூட்டும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. எஞ்சினின் கீழ்ப்பாகமான புளொக்கிலுள்ள போல்ற் துளைகளில் ஒயிலோ தண்ணியோ தேங்கியிருந்தால் போல்ற் இறுகும் அமுக்கத்தில் புளொக் வெடிக்கும், காற்றடித்துக் காயவிட வேண்டும். ஹெட் போல்ற்றுகளை நடுவிலிருந்து வெளியே, 20, 49, 67 நியூட்டன் மீற்றர் என்று படிப்படியாக டோர்க் ரென்சால்தான் இறுக்க வேண்டும். மூன்றாவது பெல்ற்றின் இழுவை, பிழைவிடுகிற இடம் பெரும்பாலும் இதுதான். பெல்ற்றைப் போட்டுக் கிராங்கை இடஞ்சுழியாக ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முதலாம் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, ரென்சனர் போல்ற்றை அரைச் சுற்று இளக்கி, கேம் சக்கரம் மூன்று பல்லு நகருமட்டும் கிராங்கை இடஞ்சுழியாகத் திருப்பி, அந்த நிலையிலேயே போல்ற்றை 44 நியூட்டன் மீற்றருக்கு இறுக்க வேண்டும். ஸ்பிரிங்தான் இழுவையைத் தீர்மானிக்கும், ஸ்குறூ டிரைவரால் நெம்பி இறுக்கினால் புதுப் பம்பின் பெயாரிங் போய்விடும். பிறகு மறுபடி இரண்டு சுற்றுச் சுற்றி அடையாளங்களைப் பார்த்தோம், மூன்று தரம் பார்த்தோம்.

காசுக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். இழுவைக்கு 9,500 ரூபா, தேவையில்லாத டிஸ்ரிபியூட்டருக்கு 32,000, முதல் கராஜ் கூலி 6,000. பெல்ற், ரென்சனர், பம்ப், சீல்களுக்கு 38,500. எட்டு வால்வுக்கு 26,400. காஸ்கெற் செற், வால்வு சீல், ஹெட் போல்ற் 33,000. லேத் வேலை 27,500. ஒயில், கூலன்ற், பிளக் 19,600. கூலி 40,000. எல்லாமாக 232,500 ரூபா, 19 நாள். பம்ப் கசியத் தொடங்கியபோதே பெல்ற் வேலையைச் செய்திருந்தால் கூலியோடு 50,000க்குள் முடிந்திருக்கும். அந்த 19 நாளும் இரவில் நித்திரையில்லாமல், எஞ்சினை மாற்றுவதா, காரை விற்பதா என்று ஒருவரிடமும் கேட்க முடியாமல் இருந்தேன்.

முதல் ஸ்ராட்டுக்கு முன் பெற்றோல் பம்பின் பியூஸைக் கழற்றி, பிளக் இல்லாமல் ஸ்ராட்டர் அடித்து ஒயிலை ஏற்றினோம். கொம்பிரசன் கேஜ் 178, 174, 180, 176 காட்டியது. 500 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றினேன், எங்காவது தங்கியிருக்கும் தேய்ப்புப் பசைக்காக. 1,000 கிலோமீற்றரில் வால்வு இடைவெளியைத் திரும்ப அளந்தபோது, புது வால்வுகள் சீற்றில் இறங்கியதால் இரண்டு எக்சோஸ்றில் 0.25 ஆக இருந்தது 0.20க்கு வந்திருந்தது. அப்படியே விட்டால் சூட்டில் மூடாமல் எரியும். இரண்டையும் 0.25க்கு வைத்துப் பூட்டினோம். அடுத்த அளவு 5,000 கிலோமீற்றரில்.